சிவப்புத் தடி

விடிய நாலேகாலுக்குத் தவசீலன் எடுப்பான்.
அங்கே முதல்நாள் இரவு பத்தேமுக்கால்.
ஆறு பேர் படுக்கும் அறையில் கதைக்க ஏலாது,
குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கதைப்பான்.
நான் அக்கராயனில்
சோற்றுப்பெட்டியை மூடியபடி கேட்பேன்.
ஐந்து மணிக்கு எனக்குக் கொக்காவில் வாகனம்.

கடிதத்தில் முப்பத்தொன்பது மணித்தியாலம்.
கையில் பதினொன்று.
ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, அடுத்த கிழவி எழும்பும்வரை
பஸ் தரிப்பில் குளிரில் நிற்கும் நேரம்
வேலையில் சேராது.
சிம்பாப்வேப் பிள்ளை ஒருத்தி ஏனென்று கேட்டாளாம்.
அடுத்த கிழமை அவளின் கட்டில் வெறுமை.
ஸ்பொன்சரை எடுத்துவிட்டால் அறுபது நாள்,
பிறகு விமானம்.

இன்றைக்கு ஒரு தாள் நீட்டியிருக்கிறார்கள்:
முப்பத்தொன்பதுக்கும் சம்பளம் முழுதாய்ப் பெற்றேன்,
குறை ஒன்றுமில்லை.
ஆரோ விசாரிக்க வருகினமாம்.
"வைக்கட்டா?" என்றான்.

எழுபத்திரண்டு லட்சம்.
குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் ஈட்டில்.
வவுனியா ஏஜென்சியில் மூன்று கிழமை படித்து
பராமரிப்பாளர் என்று சான்றிதழ் எடுத்தவன்,
அதற்கு முதலே
முகாமில் இரண்டு காலும் போன தமையனை
ஒரு வருசம் தூக்கிக் கழுவியவன்.
அந்த அனுபவத்துக்குக் கடிதத்தலைப்பு இல்லை,
படிவத்தில் விட்டுவிட்டோம்.

என் தொழிலையும் தேடிப் பார்த்தோம் அந்தப் பட்டியலில்.
மீன் வெட்டுபவர் இருந்தார், கூரை வேய்பவர் இருந்தார்.
வெடி எடுப்பவள் இல்லை.

எங்களிடமும் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளர் இருந்தார்.
ஹென்ரிக்.
அவரைத் தொழிலாளர் என்று ஒருவரும் சொன்னதில்லை.
அவரின் விசா மூன்று நாள் பிந்தியதற்கு
கொழும்புக்கு ஒரு வாகனமும் இரண்டு மனேச்சர்மாரும் ஓடினார்கள்.
நல்ல மனிசன். பொய் சொல்லக்கூடாது.
எங்கள் சரளை மண்ணுக்கே கருவி கத்தும் என்பதை
முழங்காலில் இருத்தி நான்தான் காட்டினேன்.
கல்லின் சத்தம் வேறு, இரும்பின் சத்தம் வேறு.
போகும்போது கைகுலுக்கி
திறமைசாலி என்றார்.
எனக்கு அந்த மாதமும் அதே சம்பளம்.

"கேக்குதா? வைக்கட்டா?"

எங்கள் வேலையில்
கை நடுங்கினால் மன்னிப்பு உண்டு.
ஒரு நாளைக்கு ஒரு அடி மண்தான் பார்த்தாலும்
ஒருவரும் ஏசமாட்டார்கள்.
கிடக்கிறது என்று தெரிந்தும்
சிவப்புத் தடி குத்தாமல் தாண்டிப் போனால்தான்
அன்றைக்கே வீட்டுக்கு.
பின்னால் வருகிறவளின் கால் அது.

இதை அவனுக்கு அப்படியே சொன்னேனா?
இல்லை.
"வைக்காதே," என்றேன். "பேர், திகதி, மணித்தியாலம்
எல்லாம் ஒரு கொப்பியில் எழுது.
அந்தப் பிள்ளையின்ர பேரையும்."

பைப்பில் தண்ணீர் சொட்டுவது கேட்டது, அங்கேயா இங்கேயா தெரியவில்லை.
"வயல்?" என்றான்.
அதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.
வாகனம் கோன் அடித்தது.

ஒன்பது பத்துக்குக் கருவி கத்தியது.
கல்லில்லை.
பக்கவாட்டாய், விரல் விரலாய் மண்ணை வழித்தேன்.
முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது.
துருப்பிடித்த சோடா மூடி.
கொப்பியில் பதிந்தேன்: மூடி, ஒன்று.

போன் கட்டுப்பாட்டுக் கொட்டிலில்
தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது.
அவன் எடுத்துக்கொண்டே இருக்கலாம்.
வைத்துவிட்டேன் என்று சொல்லவோ,
வைக்கவில்லை என்று சொல்லவோ.
தொடங்கிய சதுரத்தைப் பாதியில் விட்டு
எழும்ப முடியாது.
இன்னும் இரண்டு சாண் இருக்கிறது.